பெரிய மோட்டார் ஹோம் ஓட்ட எந்த லைசென்ஸ் வேண்டும்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஓட்டுநர் பயிற்சி அளித்துவரும் எனக்கு, படுக்கையும் சமையலறையும் கொண்ட பெரிய வண்டிகளைப் பற்றிய சந்தேகங்கள் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. நாமக்கல்லில் லாரி பாடியும் கரூரில் பஸ் பாடியும் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரத்தாருக்குப் பெரிய வண்டி புதிதல்ல. ஆனால் வீட்டைச் சுமந்து செல்லும் வண்டியைக் கார் என்பதா, பஸ் என்பதா என்பதில் ஓட்டுநர்களுக்கே குழப்பம் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விடைகள் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 2019ஆம் ஆண்டுத் திருத்தங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றை ஒட்டியவை.

சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனும் மோட்டார் ஹோமும் ஒன்றுதானா?

பேச்சு வழக்கில் இரண்டையும் கேரவன் என்றே சொல்கிறோம். தங்கிப் பயணம் செய்வதற்கான வண்டியை மோட்டார் கேரவன் என்று வகைப்படுத்தும் இந்தியத் தரநிலை, ஏ.ஐ.எஸ். 124, அதில் இருக்கைகளும் மேசையும், உறங்கும் இடமும், சமைக்கும் வசதியும், பொருள் வைக்கும் அலமாரியும் இருக்க வேண்டும் என்கிறது. நடிகர்கள் ஒப்பனைக்கும் ஓய்வுக்கும் பயன்படுத்தும் வண்டியில் இவை எல்லாம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தப் பெயரில் அழைத்தாலும், ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், என்ன எழுதியிருக்கிறது என்பதே கணக்கு.

என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து மோட்டார் ஹோம் ஓட்டலாமா சார்?

பெரும்பாலான வண்டிகளை ஓட்டலாம். நாம் கார் லைசென்ஸ் என்று சொல்வது சட்டத்தில் இலகு ரக மோட்டார் வாகனத்துக்கான உரிமம். உரிம அட்டையில் எல்.எம்.வி. என்று இருக்கும். இந்த ரகத்தின் உச்ச வரம்பு 7,500 கிலோ. டிராவலர், விங்கர், அர்பேனியா போன்ற வேன்களின் மேல் கட்டப்படும் மோட்டார் ஹோம்கள் அனைத்தும் இந்த வரம்புக்குள் வந்துவிடுவதால், அவற்றுக்கு எல்.எம்.வி. உரிமம் போதும். பன்னிரண்டு மீட்டர் பஸ் சேஸியில் கட்டிய வண்டியின் மொத்த எடை ஏறக்குறைய 16 டன் இருக்கும். அதை இந்த உரிமத்தோடு தொடவே கூடாது.

அந்த 7,500 கிலோ எந்த எடை? வெறும் வண்டியா, ஆளும் சாமானும் சேர்த்தா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். சட்டத்தின் 2(21) பிரிவு இரண்டு விதமான அளவைச் சொல்கிறது. வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி போன்ற டிரான்ஸ்போர்ட் வாகனத்துக்கும், ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும் ஆம்னிபஸ்ஸுக்கும் மொத்த எடையைப் பார்க்க வேண்டும். மோட்டார் காருக்கு வெற்று எடையைப் பார்க்க வேண்டும். வெற்று எடை என்பது ஓட்டுநரும் உதவியாளரும் இல்லாமல், வண்டியோடு எப்போதும் இருக்கும் கருவிகளைச் சேர்த்த எடை என்பதால், கட்டில், அடுப்பு மேடை, குளிர்சாதனம், மின்கல அடுக்கு எல்லாம் அதில் அடங்கும். ஏறும் ஆட்களும் அவர்கள் கொண்டுவரும் சாமான்களும் அடங்க மாட்டார்கள்.

மொத்த எடை என்பது பதிவு அதிகாரி அந்த வண்டிக்கு அனுமதித்துப் பதிந்த உச்ச எடையே தவிர, அன்றைக்கு எடை மேடையில் காட்டும் எடை அல்ல. ஆகவே தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வண்டியைக் குறைந்த ரகத்துக்குள் கொண்டுவரும் யோசனை செல்லாது. இரண்டு எடைகளும் ஆர்.சி.யில் தனித்தனி வரிகளாக இருக்கும். வண்டியின் வகை, இருக்கை எண்ணிக்கை, படுக்கை எண்ணிக்கை ஆகியவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் விடைகளுக்கு அவை தேவைப்படும்.

வண்டி முப்பது அடிக்கு மேல் நீளம். நீளத்துக்கென்று தனி லைசென்ஸ் உண்டா?

நம் நாட்டில் இல்லை. உரிம வகையை எடையும் பயன்பாடுமே தீர்மானிக்கின்றன. நீளத்தைக் கணக்கில் எடுக்கும் இடங்கள் வெளிநாட்டில் உண்டு. அதைக் கீழே அமெரிக்கா பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

ஹெவி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஹெவி என்று நாம் அழைப்பதற்கு உரிமத்தில் இப்போது உள்ள பெயர் டிரான்ஸ்போர்ட் வாகனம். நடுத்தர, கனரக வகைகளுக்கு முன்பு இருந்த நான்கு தனித்தனிப் பெயர்களை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. இதற்கு மூன்று தகுதிகள் முக்கியமானவை. எல்.எம்.வி. உரிமம் பெற்று ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். வயது இருபது நிறைந்திருக்க வேண்டும். எந்த வயதினராக இருந்தாலும் பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று இருந்த விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் சிலர் பள்ளிச் சான்றிதழைத் தேடிக்கொண்டு வருகிறார்கள், தேவையில்லை.

முதலில் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், எடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குச் செல்லலாம். டிரான்ஸ்போர்ட் வகைக்கு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்று கட்டாயம் என்பதால், சொந்தமாகக் கற்றுக்கொண்டு நேரே தேர்வுக்குப் போக வழியில்லை. தேர்வில் நீங்கள் ஓட்டிக்காட்டும் வண்டியும் கேட்கும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வழக்கமாகப் பயிற்சிப் பள்ளியின் பஸ்ஸோ லாரியோ அதற்கு வரும். மேற்கு, கிழக்கு, சங்ககிரி என்று எந்த அலுவலக எல்லையில் வீடு இருக்கிறது என்ற கவலையும் குறைந்துவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த உரிம அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நம் ஊரில் அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வில் கவனிப்பது ரிவர்ஸும், கண்ணாடி பார்க்கும் பழக்கமும், மேட்டில் நிறுத்தி எடுக்கும் முறையும். கார் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவதில்தான் தடுமாறுகிறார்கள்.

எல்.எல்.ஆர். கையில் இருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழகியபடியே போகலாமா?

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது, அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம் உள்ள பயிற்றுநர் பக்கத்தில், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடியும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் சிவப்பு எல் குறி இருக்க வேண்டும். எல்.எம்.வி. மட்டும் உள்ள மைத்துனர் பக்கத்தில் இருந்தால் பதினாறு டன் வண்டிக்கு அவர் பயிற்றுநர் ஆக மாட்டார். விதி நிறைவேறினாலும், பின்கட்டிலில் குழந்தைகள் தூங்கும் வண்டியைப் பயிற்சிக்கு எடுத்துச் செல்வதை நான் ஏற்க மாட்டேன்.

வாடகைக்கு எடுக்கும் கேரவனில் மஞ்சள் போர்டு இருக்கிறது. பேட்ஜ் வேண்டாமா?

இது நீண்டகாலம் சிக்கலாக இருந்து இப்போது தெளிந்துவிட்ட விஷயம். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், டிரான்ஸ்போர்ட் அல்லாத வாகனம். மற்ற கேம்பர் வேன்கள் டிரான்ஸ்போர்ட் வாகனம். இந்தப் பாகுபாட்டை 2004 நவம்பரில் வெளியான மத்திய அரசு அறிவிக்கை செய்கிறது. எனவே வாடகை வண்டி டிரான்ஸ்போர்ட் வாகனம்தான். ஆனால் அதன் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாவிட்டால் எல்.எம்.வி. உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் கூறியது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை எதிர்த்து மீண்டும் நீதிமன்றம் சென்றன. 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதே நிலையை உறுதி செய்ததோடு, டிரான்ஸ்போர்ட் வாகனத்துக்கான கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும் என்றும் தெளிவாக்கியது. எல்.எம்.வி. அளவில் டிரான்ஸ்போர்ட் என்று உரிமத்தில் தனியாக எழுதப்படும் மேற்குறிப்பு தேவையில்லை என்று மத்திய அரசு 2018 ஏப்ரலிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது.

ஓட்டுநர் இல்லாமல் நீங்களே ஓட்டிச் செல்வதற்கென்று வாடகைக்கு விடப்படும் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள வண்டியை உரிமையாளர் உங்களிடம் சாவியோடு கொடுத்தால், உங்கள் உரிமம் சரியாக இருந்தாலும் அந்த வண்டியின் பெர்மிட் அதற்கு இடம் தருகிறதா என்பது வேறு கேள்வி. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் அப்பா முப்பது வருஷம் சங்ககிரியில் லாரி ஓட்டியவர். அந்த லைசென்ஸில் இப்போது கேரவன் ஓட்டலாமா?

வகை பொருந்தும், தேதி பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உரிம அட்டையில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். ஒன்று டிரான்ஸ்போர்ட் அல்லாத வண்டிகளுக்கு, மற்றது டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்கு. இரண்டாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. ஓய்வு பெற்ற ஓட்டுநர்கள் பலர் முதல் தேதியை மட்டும் பார்த்து உரிமம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். டிரான்ஸ்போர்ட் தேதி முடிந்து ஓராண்டுக்குள் என்றால் மருத்துவச் சான்றுடன் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓராண்டு கடந்துவிட்டால் முப்பது வருட அனுபவம் இருந்தாலும் மீண்டும் ஓட்டிக்காட்டித் தேற வேண்டும். முடிந்த பிறகு முப்பது நாள் சலுகை உண்டு என்ற பழைய ஏற்பாடும் 2019இல் போய்விட்டது.

டிரான்ஸ்போர்ட் அல்லாத உரிமத்துக்குக் காலக்கணக்கு வயதைப் பொறுத்தது. முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வரை. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் பத்தாண்டு. ஐம்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் அறுபது வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள்.

ஏற்காடு மலைப்பாதைக்குத் தனியாக லைசென்ஸ் வேண்டுமா?

சட்டத்தின் 10ஆம் பிரிவு பட்டியலிடும் உரிம வகைகளில் மலைப்பாதை என்றொரு வகை இல்லை. ஆனால் கேட்பவரின் அச்சம் நியாயமானது. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டருக்குள் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். நீண்ட வண்டியின் பின்சக்கரம் வளைவில் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டிச் செல்லும். இறங்கும்போது கால் பிரேக்கை விடாமல் அழுத்தி வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரிலோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டுவது தொப்பூர்க் கணவாயிலும் இங்கும் ஒரே விளைவைத்தான் தரும்.

குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. அந்தப் பழக்கம் தெரியாதவர்கள் வார இறுதியில் நிறைய வருகிறார்கள் என்பதால், உரிமையை வற்புறுத்தாமல் ஹாரன் அடித்துக் காத்திருப்பது நல்லது. குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறும் இன்னொரு சாலையும் உண்டு. எந்த வழியானாலும், பெரிய வண்டிக்காரர்கள் முதல் தடவை ஆட்கள் இல்லாமல், சனி ஞாயிறு தவிர்த்த ஒரு காலையில் ஏறி இறங்கிப் பார்க்கும்படி சொல்வேன்.

வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் கேரவனுக்கு என்ன செய்வது?

டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். ஆகவே அதற்குத் தனிப் பதிவு, தனி எண், தனிக் காப்பீடு வேண்டும். இழுக்கும் வண்டிக்கு உரிமம் இருப்பதோடு, அந்த வண்டி அவ்வளவு எடையை இழுக்கத் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கும் முன்பே, இழுக்கும் வண்டியின் ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஆர்.வி. என்று சொல்லும் மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்து நான் ஓட்டலாமா?

முதலில் இங்கே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அது ஓராண்டு செல்லும்; அத்துடன் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். இங்கே உங்களுக்கு உள்ள வகைதான் அதிலும் வரும். புதிய வகை எதையும் அது தராது.

அமெரிக்காவில் உரிம விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 26,000 பவுண்டு, அதாவது சுமார் 11,800 கிலோ வரையுள்ள மோட்டார் ஹோமைச் சாதாரண உரிமத்தோடு ஓட்டலாம் என்பது பொதுவான நிலை. அதற்கு மேல் போனால் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் வணிகம் சாராத பி வகை உரிமத்தைக் கேட்கின்றன. கலிபோர்னியா நீளத்தைப் பார்க்கிறது: 40 அடி வரை சாதாரண சி வகை போதும், அதைத் தாண்டி 45 அடி வரை வணிகம் சாராத பி வகை வேண்டும். பிரிட்டனுக்குப் போவதாக இருந்தால் வரம்பு இன்னும் இறுக்கம். அங்கே கார் உரிமம் 3,500 கிலோவோடு நின்றுவிடும். 1997 ஜனவரி 1க்கு முன் அங்கே தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் 7,500 கிலோ வரை பழைய சலுகை உண்டு. இங்கே ஆறு டன் வண்டியை எல்.எம்.வி.யில் ஓட்டிய பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர். சீட் அதிகமானால் லைசென்ஸ் மாறுமா?

மாறக்கூடும். ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி அமைந்த எந்த வண்டியும் சட்டப்படி ஆம்னிபஸ். எட்டு சீட் இன்னோவாகூட அந்த வரையறைப்படி ஆம்னிபஸ்தான். எடை குறைவு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மோட்டார் ஹோமில் பொருட்படுத்த வேண்டும். மேலே சொன்னபடி ஆம்னிபஸ்ஸுக்கு மொத்த எடையும் காருக்கு வெற்று எடையும் அளவுகோல். வெற்று எடை 6,900, மொத்த எடை 8,200 கிலோ உள்ள ஒரு சொந்த வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கான இருக்கையோடு பதிவானால் அது இலகு ரகம். எட்டுப் பேருக்கான இருக்கையோடு பதிவானால் இல்லை. ஒரே வண்டிக்கு இரண்டு இருக்கை கூடுவதால் உரிமம் மாறுகிறது.

வெற்று எடையே ஒன்பது டன். ஆனால் வெள்ளை போர்டு, சொந்த உபயோகம், ஆறு சீட். அது டிரான்ஸ்போர்ட் இல்லையே, பிறகு ஏன் அந்த லைசென்ஸ்?

சட்டம் படித்தவர்களும் இந்த இடத்தில் நின்று யோசிக்கிறார்கள். இந்த வண்டி 7,500 கிலோவைத் தாண்டுவதால் இலகு ரகம் அல்ல. சொந்தப் பயன்பாடு என்பதால் டிரான்ஸ்போர்ட் வாகனமும் அல்ல. கார் ஒன்று கனரகப் பயணிகள் வாகனமாக வேண்டுமானால் வெற்று எடை 12,000 கிலோவைத் தாண்ட வேண்டும். நடுத்தர வகையின் வரையறையிலோ மோட்டார் காருக்கு இடமே இல்லை. வரையறைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதே உண்மை. 10ஆம் பிரிவின் கடைசியில் உள்ள, குறிப்பிட்ட விவரமுள்ள வாகனம் என்ற வகைதான் எழுத்துப்படி மிஞ்சுகிறது.

இந்த இடைவெளியைக் காட்டி எல்.எம்.வி. போதும் என்று வாதிட முடியாது. இலகு ரகத்தின் வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. டிரான்ஸ்போர்ட் வகைக்கான பயிற்சியும் தேர்வும் முடித்து அந்த உரிமத்தை எடுத்துவிடுவதே என் பரிந்துரை. சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் நுணுக்கம் பேசுவதைவிட அது எளிது. முந்தைய கேள்வியில் வந்த எல்லைக்கோட்டு வண்டிகளுக்கும் இதையே சொல்வேன்.

பழைய பஸ்ஸை வாங்கி நம் பட்டறையிலேயே கேரவனாக மாற்றினால்?

நல்ல பாடி கட்டும் ஆசாரிகள் நம் வட்டாரத்தில் இருப்பதால் இந்த ஆசை பலருக்கு வருகிறது. 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. மீறினால் 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமக் கணக்கிலும் இது குழப்பம் தரும். இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட்டுவிட்டாலும், ஆர்.சி. திருத்தப்படும் வரை அது ஏட்டில் பஸ்தான். அதை ஓட்ட பஸ்ஸுக்கான உரிமமே வேண்டும். ஆகவே பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அனுமதியைப் பெறுங்கள்.

லைசென்ஸ் இல்லாத நண்பர் கொஞ்ச தூரம் ஓட்டி, விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

ஓட்டியவருக்கு 181ஆம் பிரிவும், ஓட்டக் கொடுத்த உங்களுக்கு 180ஆம் பிரிவும் பாயும். இரண்டிலும் மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. வேறு வகைக்கான உரிமம் மட்டும் இருந்தாலும் நிலை இதுவே.

காப்பீட்டில் இரண்டு பகுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைப் பற்றி 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. உரிமையாளர் தெரிந்தோ கவனமின்றியோ நிபந்தனையை மீறினார் என்பதை நிறுவனமே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியும். அப்படி வசூலிக்க வரும் தொகை வீட்டை விற்கும் அளவுக்குப் போகலாம். உங்கள் வண்டியின் சேதத்துக்கான தொகை காப்பீட்டு ஒப்பந்தத்தின்படி தரப்படுவது. உரிமம் பொருந்தவில்லை என்று காட்டி அதை மறுக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. ஓட்டுநரை மாற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள், ஸ்டியரிங்கைத் தொடப்போகும் ஒவ்வொருவரின் உரிமத்தையும் டிஜிலாக்கரில் திறக்கச் சொல்லி, வகையையும் இரண்டு தேதிகளையும் ஆர்.சி.யின் எடையோடு ஒப்பிட்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.